நாற்பத்து மூன்றாம் இலக்கக் கொட்டில்

நான் டொக்டர் ஆவதென்று முடிவானபோது எனக்கு நாலு வயது. முடிவெடுத்தவர் வாப்பா. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு துரத்தப்பட்டு வந்தவர் அவர். கடையும் காணியும் அங்கேயே நின்றுவிட்டன. காணியை நம்பக் கூடாது, கடையை நம்பக் கூடாது, எந்த ஊருக்குத் துரத்தினாலும் அங்கே நோயாளி இருப்பான் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கின் விடை நான்தான். இன்றைக்கு நான் நில அளவையாளர். காணியை அளந்துதான் சோறு தின்கிறேன்.

வாப்பாவிடம் இன்னொரு கணக்கும் இருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்பார். தில்லையடிப் பக்கத்து அகதி முகாமில் நான் பிறந்து, ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அந்த இரண்டு மாதம் முடியவில்லை. போகப் போகிறவர்களுக்கு எதற்கு என்று கொட்டிலில் ஒரு ஆணி அடிக்க மாட்டார். முற்றத்தில் ஒரு முருங்கைக் கொப்பு நட உம்மாவை விட மாட்டார். முகாமில் எல்லாரும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் ஒழுங்கைகளுக்குப் பெயரும் இல்லை, ஒரே அச்சில் நின்ற ஓலைக் கொட்டில்களுக்கு இலக்கமும் இல்லை.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளில் பள்ளிவாசல் வளவில் மாடு அறுத்துக் குர்பான் கொடுத்தார்கள். டொக்டராகப் போகிறவள் இரத்தம் பார்த்துப் பழக வேண்டுமென்று வாப்பா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். பெருநாள் உடுப்போடு பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள் என்று உம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. மாடு விழுந்தது. அடுத்ததாக நான் விழுந்தேன். விழுந்த இடம், உரித்து விரித்திருந்த தோலின் மேல்.

கண் விழித்தபோது மாமா என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். உம்மாவின் தம்பியான அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“டொக்டரம்மாவுக்கே ஒரு டொக்டர் தேவப்படுது மச்சான்.”

எல்லாரும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அன்று இறைச்சிப் பங்கு பிரித்ததில் வழக்கமான குளறுபடி நடந்தது. பையோடு ஓடிய பெடியன்கள் எந்தக் கொட்டிலுக்குக் கொடுத்தோம், எதற்குக் கொடுக்கவில்லை என்று தடுமாறினார்கள். சில வீட்டுக்கு இரண்டு பங்கு போயிற்று. எங்கள் கொட்டிலுக்குப் பின்னால், கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த மாமிக்கு ஒன்றும் போகவில்லை. அவர் யாரிடமும் கேட்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா எதற்கோ அங்கே போனபோது அடுப்பில் பருப்பு மட்டும் கொதித்துக்கொண்டிருந்ததாம். எங்கள் பங்கில் பாதி அங்கே போனது.

வாப்பாவின் முகத்தில் விழிக்கப் பயந்து நான் பாடசாலை விட்டதும் வெளியிலேயே திரிந்தேன். சும்மா திரியவில்லை. ஒழுங்கை ஒழுங்கையாக அடி வைத்து எண்ணி, கணக்குக் கொப்பியில் கோடு கீறினேன். கிணறு, பள்ளிவாசல், கொட்டில்கள். ஒவ்வொரு கொட்டிலுக்கும் ஒரு இலக்கம். மாமிக்கு நாற்பத்து நாலு, எங்களுக்கு நாற்பத்து மூன்று.

அடுத்த ஹஜ்ஜு வருவதற்கு முன் அந்தக் கொப்பி உம்மாவின் கையில் அகப்பட்டு, வாப்பாவிடம் போய், அவரிடமிருந்து பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் போனது. இலக்கம் பார்த்து இறைச்சிப் பங்கு கொடுக்கலாமா என்று பேச அவர்கள் எங்கள் முற்றத்தில் கூடினார்கள். பெரியவர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை.

“நம்பர் போட்டா இதுதான் ஊரெண்டு ஆயிடும். நாங்க திரும்பிப் போறல்லையா?”

வாப்பா பத்து வருடமாகச் சொல்லி வந்ததும் இதைத்தான். ஓம் என்று சொல்லிக் கொப்பியை மூடிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு என்னிடம் வெண்கட்டி கேட்டார். எழுந்து போய், எங்கள் தகரக் கதவில் நாற்பத்து மூன்று என்று இலக்கத்தில் எழுதினார். மற்றவர்களும் கொப்பியில் தங்கள் இலக்கத்தைப் பார்த்து, ஒவ்வொருவராக எழும்பிப் போய்த் தங்கள் கதவுகளில் எழுதினார்கள். அந்தப் பெருநாளில் மாமியின் சட்டியில் இறைச்சி கொதித்தது.

அன்று மாமா வழக்கம்போல, “அப்ப டொக்டர் படிப்பு?” என்று இழுத்தார்.

“அவள விடு. அவளுக்கு இதுதான் வருது” என்றார் வாப்பா.

பிறகு அவர் டொக்டர் கதையை எடுக்கவே இல்லை. உயர்தர வகுப்பில் நான் கணிதம் எடுத்தபோது ஏனென்று கேட்கவில்லை. இன்று எலுவன்குளத்து வெயிலில் கருவியை நிறுத்தி எல்லைக்கல் பார்க்கும்போதெல்லாம் அவருக்காக இறைவனிடம் துஆ கேட்கிறேன். ஒரு வெண்கட்டித் துண்டால், டொக்டர் மகளையும் திரும்பிப் போகும் ஊரையும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்த மனிதர் அவர்.

முற்றத்தில் கூடிய அன்று எனக்கு அது எங்கே விளங்கியது? எழுதி முடித்துக் கதவைப் பார்த்தபடி நின்றவரிடம் போய், “வாப்பா, மூண்டு சரிஞ்சி போச்சி. அழிச்சிட்டு எழுதுங்க” என்றேன்.

அவர் சாரன் நுனியால் அழித்துவிட்டு, நேராக எழுதினார்.