பதினாறில் நின்ற வண்டி

அந்த வண்டியில் ஹாரன் வேலை செய்யாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கெட்டுப்போனது. மாற்றித் தருவதாகப் பணிமனைக்காரர்கள் மூன்று தடவை எழுதிக்கூடக் கொடுத்தார்கள். தேவைப்படவில்லை. ஓட்டுகிறவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கொஞ்சம் ஓரம் போப்பா" என்று ஒரு குரல் கொடுத்தால் முன்னால் போகிற லாரி ஒதுங்கும். அதற்கும் முன்னால் போகிற லாரி ஒதுங்கும். மூன்றாவது தெருவில் சைக்கிளில் போகிறவர் எதற்கென்று தெரியாமலே இறங்கி நிற்பார். ஒருமுறை அவள் தும்மியதில் சிக்னல் சிவப்பிலிருந்து பச்சைக்குத் தாவியது. நம்பாதவர்கள் அந்த சிக்னலையே கேட்டுக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளியின் நாலாம் நம்பர் பேருந்து அவளுடையது. பிள்ளைகள் வைத்த பெயர் ஹாரன் அக்கா. அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமே இல்லை, இதைவிட மோசமான பெயரையெல்லாம் அவள் பார்த்தாகிவிட்டது.

ஏழு வயதில் வந்து ஒட்டிக்கொண்ட குரல் அது. பாவாடை கட்டிய சின்னப் பெண் வாயைத் திறந்தால் உள்ளேயிருந்து நாற்பது வயது மாமா ஒருவர் பேசுவார். வகுப்பில் அவளுக்குத் தவளை என்று பெயர். பாடம் வாசிக்க எழுந்தால் பின்வரிசை மொத்தமும் கொர்கொர்ரென்று கத்தும். நாலாம் வகுப்பு முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு மதிப்பெண் அட்டையில் 'அடக்கமான பிள்ளை' என்று எழுதினார். அடுத்த வருஷம் ஒரு மழை நாளில் பள்ளி மணி அறுந்து விழ, வேறு வழியில்லாமல் அவளை வாசலில் நிறுத்தி, பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டாள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளோடு, எதிர்ப்பள்ளிப் பிள்ளைகளும் இரண்டு தபால்காரர்களும் உள்ளே வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். அதோடு தவளை போயிற்று. பேசாமல் கிடந்த அந்த ஒரு வருஷம் மட்டும் அவளுக்குள் எங்கேயோ தங்கிவிட்டது.

பிள்ளைகளை எண்ணுவதற்குப் பள்ளி ஒரு தாள் கொடுத்திருந்தது, பெயருக்கு நேரே டிக் போடுவதற்கு. அவள் அதை இருக்கைக்கு அடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். "தாளைப் பாத்தா தலை தெரியாது" என்பது அவள் கட்சி. அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முப்பத்திரண்டு இருக்கைக்கும் நம்பர் உண்டு. வண்டி கிளம்புமுன் அவள் "எண்ணுங்க" என்பாள். ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை ஒவ்வொரு பிள்ளையும் தன் நம்பரைச் சொல்லும். யாருக்குச் சளி, யாருக்கு வீட்டில் திட்டு, யாருக்குப் புதுச் செருப்பு என்று குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அவள் கணவர் பெயர்ப்பலகை எழுதுகிறவர். முன்கண்ணாடிக்கு மேலே சிவப்பும் மஞ்சளுமாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார்: 'இந்த வண்டி ஒரு பிள்ளையையும் விட்டு வந்ததில்லை.' பத்தொன்பது வருஷமாக அந்த வாக்கியம் பொய்யானதில்லை.

அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவள் பதினேழாம் நம்பர். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகள், பதினோரு வயது. அவளுக்குச் சொற்கள் வாசல் வரை வந்து செருப்புத் தேடும். "ப... ப... ப..." என்று நின்று, பிறகு "பதினேழு" என்று தடாலென்று வெளியே விழும். முதல் வாரம் வண்டி பேசாமல் காத்திருந்தது. இரண்டாம் வாரம் கிசுகிசு. மூன்றாம் வாரம் ரேடியோ ஆரம்பித்தான்.

ரேடியோ முப்பத்திரண்டாம் நம்பர், கடைசி இருக்கை. கேட்ட குரலை அப்படியே திருப்பிக் கொடுப்பான். கியர் மாற்றுகிற சத்தம், தலைமையாசிரியை, ஹாரன் அக்காவின் தும்மல் எல்லாம் அவனிடம் உண்டு. தலைமையாசிரியையை அவன் செய்யும்போது ஹாரன் ஸ்டீயரிங்கில் தலை வைத்துச் சிரித்திருக்கிறாள். அவன் பதினேழாம் நம்பரை முதல்முறை செய்தபோது வண்டியே குலுங்கிச் சிரித்தது. ஹாரன் கண்ணாடியில் பார்த்து, "டேய், போதும்டா" என்றாள். வார்த்தை கண்டிப்பாகத்தான் இருந்தது, உதட்டோரம்தான் காட்டிக்கொடுத்துவிட்டது. பிள்ளைகள் உதட்டைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம். ஓவிய வகுப்பில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள் பதினேழாம் நம்பர். எல்லோரும் ஏறின பிறகு கடைசியில் ஏறினால் கேலி குறையும் என்பது அவள் கணக்கு. இங்கே வண்டியில் எண்ணிக்கை நடந்தது. பதினாலு, பதினஞ்சு, பதினாறு. பிறகு, "ப... ப... ப... பதினேழு." சிரிப்பு. பதினெட்டு, பத்தொன்பது, கடைசியில் முப்பத்திரண்டு. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்து ஹாரன் வண்டியை எடுத்தாள்.

பதினேழின் வீடுதான் முதல் நிறுத்தம், ஐந்தே நிமிஷம். கடை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார், பூதக்கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருந்தது.

"பதினேழு, இறங்குடா கண்ணு" என்றாள் ஹாரன்.

யாரும் இறங்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தொரு தலையும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன. அந்தக் கவிழ்ந்த தலைகளே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டன.

"எம் பொண்ணு எங்கம்மா?" என்றார் அப்பா.

"ஏறுங்கண்ணா" என்றாள் அவள். ஆட்டோவே யோசித்துத் திரும்புகிற அந்தத் தெருவில் அவள் பேருந்தைத் திருப்பிய வேகத்தில், ஒரு மாடிக் கொடியில் காய்ந்த சட்டை பக்கத்து வீட்டுக் கொடிக்குப் போய்விட்டது. இரண்டு நிமிஷத்தில் பள்ளி வாசல். பதினேழு காவல்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்து அவரோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நீலச் சாயம். அதன் நடுவே கண்ணீர் ஓடிய இரண்டு கோடு.

"ரெண்டு ஆட்டம் தோத்துட்டேன்மா, சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க" என்றார் காவல்காரர்.

பதினேழு எழுந்து வண்டியருகே வந்தாள். ஜன்னல்களைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள்: "எ... எ... என் நம்பரை யார் சொன்னா?"

முப்பத்தொரு வாயில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. தலைமையாசிரியை ஹாரனைக் கூப்பிட்டார். நல்ல மனுஷிதான்; எதையும் தாளில் சரிசெய்துவிடலாம் என்கிற நம்பிக்கை மட்டும் கொஞ்சம் அதிகம்.

"இனிமே டிக் போடுங்க. அந்தப் பொண்ணை ஆறாம் நம்பர் வண்டிக்கு மாத்திடலாம். அவ நல்லதுக்குத்தான்."

"தப்பு பண்ணது நாங்க, வண்டி மாறுறது அவளாங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? நாளைக்குக் காலைல உங்க வண்டியில அவ வந்தா சரி. வரலைன்னா மாத்திடுவேன்."

ஹாரன் வீட்டுக்குப் போனதும் கணவரிடம், "அந்தப் பலகையை அழிச்சிடுங்க" என்றாள்.

அவர் தூரிகையைத் துடைத்தபடி, "பத்தொன்பது வருஷம் ஓடின எழுத்து. அழிக்க வேணாம். அடியில 'ஒருத்தியைத் தவிர'ன்னு சேர்த்துடவா?" என்றார், விளையாட்டாக.

"சேருங்க."

"அடியே, நான் சும்மா சொன்னேன்."

"நான் சும்மா சொல்லலை. பெரிய எழுத்தாப் போடுங்க."

வெள்ளிக்கிழமை காலை. பதினேழின் வீடு காலையில் கடைசி நிறுத்தம். அங்கே வரும்போது மற்ற முப்பத்தொரு பேரும் வண்டிக்குள் இருப்பார்கள். ஹாரன் கடை வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்தாள்.

"எண்ணிக்கை பதினாறுல நிக்குது. அது நகர்ற வரைக்கும் வண்டியும் நகராது" என்று அறிவித்தாள்.

பிள்ளைகள் முகம் வாடும், கெஞ்சுவார்கள், மனம் மாறும் என்று எதிர்பார்த்திருந்தாள் பாவம். அன்று முதல் பாடவேளையில் பள்ளி முழுக்கக் கணக்குத் தேர்வு என்பது அவளுக்குத் தெரியாது.

"எவ்வளவு நேரம்க்கா நிக்கும்?" என்றது ஐந்தாம் நம்பர், ஆசையாக.

"மத்தியானம் வரைக்கும் நின்னாக்கூட நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்க்கா" என்றது ஒன்பது.

ஒருத்தன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டிப் படுத்தேவிட்டான். ஹாரனுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். எழுந்து, நடைபாதையில் அவர்களைப் பார்த்து நின்றாள்.

"சரி, நானே ஆரம்பிக்கிறேன். சைபர். அது நான். அவன் முதல் தடவை அவளை மாதிரிப் பேசினப்போ நானும் சிரிச்சேன். நாலாங்கிளாஸ்ல என்னை எல்லாரும் தவளைன்னு கத்தினாங்க, ஒரு வருஷம் வாயே திறக்கலை. அதெல்லாம் தெரிஞ்சிருந்தும் சிரிச்சேன்."

அவளைப் பொறுத்தவரை மெதுவாகத்தான் சொன்னாள். தெருவில் ஏழு ஜன்னல்கள் திறந்தன. எட்டாவது, கடைக்கு மேலே, பதினேழின் ஜன்னல்.

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு முன்னிருக்கையிலிருந்து மெல்லிய குரல்.

"ஒண்ணு. அவ ஏறலைன்னு எனக்குத் தெரியும்க்கா. சொல்லலை."

"ரெண்டு. எனக்கும் தெரியும்."

"மூணு. நான் சிரிச்சேன். என்னைக் கிண்டல் பண்ணிடுவாங்கன்னு பயம்."

"நாலு. என் காது மெஷினை அவங்க கிண்டல் பண்ணிட்டிருந்தாங்க. அவ வந்ததும் என்னை விட்டுட்டாங்க. அதனால சந்தோஷமா இருந்தேன்." சொல்லிவிட்டு நாலாம் நம்பர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஐந்து, ஆறு, ஏழு. சிலர் ஒரு வார்த்தை, சிலர் ஒரு கதை. பன்னிரண்டு பாதியிலேயே அழுதுவிட்டதால் பதின்மூன்று அவளுக்குக் கைக்குட்டை கொடுக்க வேண்டியிருந்தது. பதினாலு. பதினஞ்சு. பதினாறு.

அங்கே நின்றது. ஒரு இருக்கைகூடக் கிரீச்சிடவில்லை. வாசற்படியில் யாரோ ஏறும் சத்தம். புத்தகப்பையோடு அவள் நின்றாள்.

"ப... ப..." என்றாள். முப்பத்தொரு பேரும் காத்திருந்தார்கள். தெருவில் ஏழு ஜன்னல்களும் காத்திருந்தன. "ப... பதினேழு."

யாரும் கை தட்டவில்லை. ஹாரன் கண்ணாலேயே அதட்டியிருந்தாள். பிறகு பதினெட்டு சொன்னது, பத்தொன்பது சொன்னது, ஓடி ஓடி முப்பத்தொன்று வரை வந்தது. முப்பத்திரண்டு வாயைத் திறக்கவில்லை. ஊரார் குரலையெல்லாம் வைத்திருந்த ரேடியோவிடம் அப்போது தன் குரல் இல்லை.

பதினேழு நடந்து கடைசி இருக்கைக்குப் போனாள். "அ... அன்னிக்கு எப்படிச் செஞ்சே? செய்."

"வேணாம்."

"செ... செய்யுடா."

அவன் குனிந்தபடி, அழுகைக்கு நடுவே செய்தான். கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்க்கும் அப்பாவைப் போல அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ந... நல்லாத்தான் பண்றே. ஆனா எ... என் நம்பர் என்னோடது. அதை நான்தான் சொல்லணும். எவ்வளவு நே... நேரம் ஆனாலும்."

"சாரி" என்றான் ரேடியோ. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முழுக்க முழுக்கத் தன் சொந்தக் குரலில், "முப்பத்திரண்டு" என்றான். அந்தக் குரலை அந்த வண்டியில் யாரும் அதுவரை கேட்டதே இல்லை. கொஞ்சம் கீச்சென்று இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பள்ளி வாசலில் தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நிமிஷத் தாமதம். தேர்வு தொடங்கியிருந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார்.

ஹாரன் வாயைத் திறக்குமுன் பதினேழு முதல் படியில் வந்து நின்றாள். "நா... நா... நான் சொல்றேன், மிஸ்."

வண்டியில் வந்துவிட்டாளே என்று தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. "சொல்லும்மா. அவசரமே இல்லை" என்றார். இந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

பதினேழு சொல்ல ஆரம்பித்தாள். ஓவிய வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள். தூரிகை எத்தனை, எந்தெந்த நிறம், காவல்காரர் எந்தக் காயை எங்கே தவறாக நகர்த்தினார் என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொரு சொல்லும் வாசலில் நின்று, செருப்பைத் தேடி, நிதானமாக வெளியே வந்தது. தலைமையாசிரியை சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். முப்பத்தொரு பிள்ளைகளும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். அந்த வருஷத்திலேயே அவர்கள் அவ்வளவு கவனமாகக் கேட்டது அதைத்தான். இருபத்தைந்தாவது நிமிஷம் அவள், "அ... அ... அவ்வளவுதான் மிஸ்" என்று முடிக்கவும், பாடவேளை முடிந்த மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

அன்று அவள் சில இடங்களில் தேவைக்கு மேலேயே இழுத்தாள் என்று ஒரு பேச்சு உண்டு. ஹாரன் அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டாள், மறுக்கவும் மாட்டாள். அவளுக்குக் குரல்களைத் தெரியும்.

அப்புறம் ஆறாம் நம்பர் வண்டிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ரேடியோ இப்போதும் குரல் செய்வான், அந்தந்த ஆளிடம் கேட்டுவிட்டுத்தான். ஹாரனின் தும்மலுக்கு நிரந்தர அனுமதி உண்டு. அவளிடம் ஒரே ஒரு மாற்றம்: எண்ணி முடித்த பிறகு எழுந்து, பின்னிருக்கை வரை நடந்து, ஒவ்வொரு முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவாள்.

கண்ணாடிக்கு மேலே இப்போது இரண்டு வரி இருக்கிறது. வருஷா வருஷம் புதிதாக ஏறுகிற பிள்ளை எதுவாவது எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "யாரு அந்த ஒருத்தி?" என்று கேட்கும். வண்டி மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். எல்லோருக்கும் பதில் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள். பதினேழாவது இருக்கையிலிருந்து ஒருத்தி எழுந்து, பையை நிதானமாகக் கீழே வைத்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு சொல்லுவாள்.

"நா... நா... நான்தான்."