பெருமாநல்லூரில் பதினான்கு கிலோமீட்டர்

ஞாயிறு காலை ஐந்தரைக்குத் திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். காதர்பேட்டைப் பக்கம் அந்நேரத்துக்கே பனியன் மூட்டைகளை வைத்துக்கொண்டு இந்தியில் ஆட்டோ பேரம் நடந்தது. டீ பன்னிரண்டு ரூபாய். பெருமாநல்லூர் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் டிக்கெட் பதினைந்து ரூபாய்.

“கம்பெனி வேலைக்குங்களா?” என்றார் நடத்துநர்.

“இல்லைங்க, நடக்கப் போறேன்.”

“நடக்கறதுக்கு எதுக்குங்க பஸ்ஸு?”

எங்கள் பிழைப்பைக் கேலி செய்யாத ஊரே கிடையாது. ஆறு நாடுகளில் இந்தியாவுக்காக இருபது கிலோமீட்டர் வேகநடை நடந்தவள் நான். கடைசி இரண்டு போட்டிகளிலும், முட்டி மடிகிறது என்று நடுவர்கள் சிவப்பு அட்டை கொடுத்து வெளியேற்றிவிட்டார்கள். ஊன்றும் கால் நேராக இருக்க வேண்டும். மடிந்தால் அது நடையில்லை. மூன்று வாரத்தில் தேர்வுப் போட்டி. அதிலும் வெளியேறினால், முப்பத்திரண்டு வயதுக்காரியை யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

ஆறரைக்குப் பூங்கொடி ஸ்கூட்டரோடு நிறுத்தத்தில் நின்றாள். முன்பு என்னோடு பயிற்சி முகாமில் இருந்தவள். எட்டு வருடத்துக்கு முந்தைய தேர்வில் அவள் முட்டி மடிந்து வெளியேறியதால்தான் நான் முதல்முறை விமானம் ஏறினேன். இப்போது பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில், தைத்ததில் பழுது கண்டுபிடிக்கும் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். என் நடையையும் ஒருமுறை பார்த்துச் சொல்லக் கேட்டிருந்தேன்.

போனில் இருந்த என் பயிற்சி வீடியோவை நீட்டினேன். வாங்கவில்லை.

“இது மொத ரெண்டு கிலோமீட்டருங்களாக்கா? காலைல தைக்கற பீஸெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கும். ஷிப்ட் முடியறப்பத் தைக்கறதுலதான் டேமேஜ் வரும். நான் அதைத்தான் மொதல்ல பிரிப்பனுங்க.”

கம்பெனி மதிலை ஒட்டிய தார்ச்சாலையில், ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு காலி நூல் கோன்களை வைத்தாள். ஏழு மணிக்குத் தொடங்கினேன். பத்து கிலோமீட்டர் வரை என்னைத் திரும்பியும் பார்க்காமல் போனில் யாரோடோ ஷிப்மென்ட் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கா சென்னையிலிருந்து வந்தேன்?

பன்னிரண்டாவதில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள். பதினான்கு முடிந்ததும் நிறுத்தினாள்.

“எடது முட்டிங்க்கா. ஒவ்வொருக்காவும் வாட்சைப் பாக்கறப்ப மடியுது. கால் அசந்த பொறவுதானுங்க இது.”

பயிற்சியாளரும் நானும் மூன்று மாதமாகத் தேடியது. சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“எப்படிடி கண்டுபிடிச்சே?”

“என்னுதும் அதே முட்டிதானுங்க. அன்னிக்கு யாரும் சொல்லலீங்க.”

அன்று அவளுக்குப் பத்தடி பின்னால் நடந்தவள் நான். அந்த முட்டி மடிவதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் அவள் சுதாரித்திருப்பாள். வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதுமில்லை. இனியும் மறைத்தால் நான் மனுஷியில்லை என்று தோன்றியது.

“பூங்கொடி, அன்னிக்கு நான் பார்த்தேன்.”

“தெரியுமுங்க. திரும்புற எடத்துல உங்க மூஞ்சியப் பாத்தனே.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

“எந்திரிங்க்கா. இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்குது. மடிஞ்சா நான் சொல்றனுங்க.”