அவருடைய பெயரைச் சத்தமாகச் சொன்னேன்

காலையில் சிட்னியிலிருந்து மகள் அழைத்தாள்.

"அம்மா, ஆக்கள் கேட்டு வராத காசெண்டு விக்டோரியா அரசாங்கம் இணையத்தில பட்டியல் போட்டிருக்கு. அதில அப்பாவின்ர பேரும் கிடக்கு. கிளேட்டன் வீட்டுக் கரண்டுக்குக் கட்டின டெபாசிட்டாம். நீங்களே ஃபோன் அடிச்சுக் கேளுங்கோ."

வாராவாரம் இந்தப் பத்தியில் வரவு செலவு பற்றி எழுதுகிற எனக்கே அது தப்பியிருந்தது.

அந்த அரசாங்க அலுவலகத்துக்கு அழைத்தேன்; ஒரு பெண் எடுத்தாள். பணத்துக்கு உரியவர் யார் என்றாள்.

என் கணவர், காலமாகிவிட்டார் என்றேன்.

பெயர் என்ன என்றாள்.

கலியாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. "இஞ்சாருங்கோ" என்றால் "என்னப்பா" என்று திரும்புவார். கோயில் அர்ச்சனைக்கும் மகள்தான் சொல்லுவாள்.

எழுதி அனுப்பலாமா என்றேன். பெயர் தெரியாமல் தேட முடியாதே என்றாள்.

சாமிப்படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "சிவபாலன்."

அவளுக்குக் கேட்கவில்லையாம். வீடு முழுக்கக் கேட்கும்படி திரும்பவும் சொன்னேன். ஒருவரும் "என்னப்பா" என்று கேட்கவில்லை.

பத்திரங்களை அனுப்பினால் காசு வருமாம்.

உங்களில் யார் யார் இன்னும் "இஞ்சாருங்கோ"வில் நிற்கிறீர்கள்? அவர் திரும்பிப் பார்க்கிற காலத்திலேயே ஒரு தடவை பெயரைச் சொல்லிப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.