ஓடிப் பிடித்த பஸ்

போன டிசம்பரில் முறிந்த காலும் ஊன்றுகோலுமாகப் பழனிசெட்டிபட்டி நிறுத்தத்தில் நிற்பேன். பஸ் தள்ளிப் போய்த்தான் நிற்கும். நான் போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிடும்.

இன்றும் தள்ளித்தான் நின்றது. ஊன்றுகோல் இல்லாத நான் ஓடிப் பிடித்தேன்.

திரும்பினால், முழங்கால் வலியோடு ஒரு அக்கா தாங்கித் தாங்கி வந்துகொண்டிருந்தார்.

"அவுக அடுத்த பஸ்ல வருவாக. நீ ஏறுப்பா," என்றார் கண்டக்டர்.

ஒரு காலைப் படியிலும் மறு காலை ரோட்டிலும் வைத்து நின்றுகொண்டேன்.

"கால் சரியில்லண்ணே. மெதுவாத்தான் ஏறுவேன்."

"இப்பத்தான குதிரை கணக்கா ஓடியாந்த?"

"அதுலதான் வலி வந்துருச்சு."

அக்கா ஏறியதும் கால் சரியாகிவிட்டது.

என்னை நடக்கவைத்த டாக்டருக்கு ஆண்டு முடிவில் நன்றி. பஸ்ஸை நிறுத்தத்திலேயே நிற்கவைக்கும் டாக்டர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.