பெயர் போட்டு எழுது

எங்கள் லுவோ இனத்து ஊரில் அபியோ யாரையும் எளிதில் நம்பமாட்டாள். கணவன் இறந்து மூன்று மழைக்காலம் ஆகியும் அவள் வீட்டுக் கூரை ஒழுகியது. கணவன் குடும்பத்து ஆண் ஒருவனோடு சேர்ந்து வாழாமல் விதவை கூரை மாற்றினால் சாபம் வரும் என்பான் கொழுந்தன் ஒயூகி. அந்த ஒருவன் தான்தான் என்பதையும் சொல்வான்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒலாங் ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்தார். ஆப்பிரிக்கர்களுக்குத் தத்துவமே கிடையாது என்று வெள்ளைக்காரர்கள் எழுதிவிட்டார்களாம். உண்டு என்று காட்ட, ஊர் ஊராக யோசிக்கிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஒயூகி அனுப்பினானா?” என்றாள் அபியோ.

“அவர் யாருன்னே தெரியாதுக்கா.”

“எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. பேசுறேன். எம்பேரு மட்டும் எங்கயும் வரக்கூடாது.”

மீனைக் காயப்போட்டபடியே பேசினாள். “செத்தவரு சாபம் விடுறாருன்னா, உயிரோட இருக்கிற ஆம்பளைக்கு எது லாபமோ அதையே ஏன் கேக்குறாரு? நான் நனையுறது அவருக்குத் தெரியலையா? சாபம்ங்கிறது பயம். அதுக்குச் சோறு போடுறது நாமதான்.”

இரண்டு மாதம் கழித்து ஒலாங் ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட தாள்களோடு வந்தார். அவர் படித்தால் மாற்றிச் சொல்லிவிடுவார் என்று, தாளை என்னிடம் நீட்டினாள். நான் பக்கத்து வீடு. பள்ளி முடித்துத் தேர்வு முடிவுக்குக் காத்திருந்தேன்.

‘விதவை கூரை மாற்றினால் சாபம் வரும் என்று லுவோ மக்கள் நம்புகிறார்கள். சாபம் மனிதர்கள் வளர்க்கும் பயமே என்றும் கருதுகிறார்கள்.’

“யாரு கருதுறா?”

“பேரு வேண்டாம்னீங்க. அதான் மக்கள்னு போட்டேன்,” என்றார் ஒலாங்.

“நான் சொன்னதை அவனுக்கும் குடுத்துட்ட, அவன் சொல்றதை எனக்கும் குடுத்துட்ட. நாளைக்கு இந்தத் தாளைத் தூக்கிட்டுக் குலக் கூட்டத்துக்கு வருவான். லுவோன்னா இப்படித்தான்னு படிச்சவங்களே எழுதிட்டாங்கன்னு சொல்லுவான். எம்பேரைப் போடு. சாபத்துக்குப் பக்கத்துல அவன் பேரைப் போடு. போய் அவனையே கேளு.”

அவரை நம்பாமல் என்னையும் கூட அனுப்பினாள். ஏரிக்கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தான் ஒயூகி.

“எம்பேரு எதுக்குய்யா? ஊரே சொல்லுதுன்னு எழுது.”

“ஊர்ல யாருன்னு அக்கா கேக்குறாங்க,” என்றார் ஒலாங்.

“அவ கேப்பா. நீ என்ன அவ ஆளா?” ஊசியிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. பெயரும் தரவில்லை.

திரும்பி வந்ததும் அபியோ தாளைப் படிக்கச் சொன்னாள். ‘லுவோ மக்கள்’ என்பதை அடித்துவிட்டு, அவள் வரிக்குப் பக்கத்தில் ஒலாங் அவள் பெயரை எழுதியிருந்தார். சாபத்தைச் சொன்ன வரிக்குப் பக்கத்தில் யார் பெயரும் இல்லை. என் முகத்தையே பார்த்தபடி இன்னொரு முறை படிக்க வைத்தாள். பிறகு கூரைக்குப் புல் வேய்கிறவனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

சனிக்கிழமை பழைய கூரையைப் பிரித்தார்கள்.