மாப்பிள்ளை ஜீப்புக்கு அனுமதி இல்லை

எங்கள் அக்காவின் கல்யாணத்தை ஒரு விமான நிலையத்தின் சட்டதிட்டப்படி நடத்தினோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்குள் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த எங்கள் லயத்தில் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லாரும். ஏறிப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் அத்தான், அம்மாவின் அண்ணன் மகன். அரபிக்கடலில் ஏதோ ஒரு சின்னத் தீவின் விமான நிலையத்தில், கண்ணாடி போட்ட கோபுரத்தில் உட்கார்ந்துகொண்டு விமானத்தை இறங்கு, ஏறு என்று சொல்கிற வேலை அவருக்கு.

அந்தத் தீவுக்கு ஒரு நாளைக்கு ஒரு விமானம்தான் வரும். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் வராது. ஆனால் அந்த ஒன்று வருவதற்கு நடக்கும் அமர்க்களத்தை அத்தான் சொல்லிக் கேட்க வேண்டும். ஓடுபாதை இந்தக் கடலில் தொடங்கி அந்தக் கடலில் முடியுமாம். விமானம் வருமுன் சங்கு ஊதி, குறுக்கே நடக்கிற ஆட்களையும் நாய்களையும் விரட்டுவார்களாம். பாதையில் ஒரு வண்டி போயிருந்தால், அது 'விலகிவிட்டேன், பாதை காலி' என்று தன் வாயால் சொல்கிறவரை விமானத்துக்கு அனுமதி கிடையாது. அனுமதி கொடுத்தால் விமானி அதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாம் மணி நிமிடத்தோடு நோட்டில் ஏற வேண்டும்.

முறைப்படி பார்த்தால் அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டியவர் அத்தான்தான். பேச்சும் எழுந்தது. "பஸ் போகாத ஊருக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்" என்று அப்பா ஒரே போடாகப் போட்டார். எங்கள் லயத்துக்கும் பஸ் கிடையாது என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. அத்தான் சிரித்துக்கொண்டே, மாமா சொல்வதும் நியாயம்தான் என்று சொல்லிவிட்டுத் தீவுக்குப் போய்விட்டார். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிட்டாள். போடியில், பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு இருந்த மாப்பிள்ளையை அப்பா கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்.

கல்யாணம் லயத்துக்கு மேலே உள்ள மாரியம்மன் கோயிலில். பெரிய ரோட்டிலிருந்து கோயில்வரை ஒரு கிலோமீட்டருக்கு ஒற்றை ஜீப் பாதை. ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளம். இடையில் ஒதுங்க ஓர் இடம்தான் உண்டு. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பிரிகிற வழி. முந்தைய வருடம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை ஜீப்பும் சாம்பார் ஜீப்பும் நடுப்பாதையில் நேருக்கு நேர் நின்றுகொண்டு, யார் பின்வாங்குவது என்ற மானப் பிரச்சினையில் முகூர்த்தத்தையே கோட்டை விட்டிருந்தார்கள். அந்தக் கதி நமக்கும் வரக் கூடாது என்று அப்பா புலம்பியபோது, லீவில் வந்திருந்த அத்தான் கையைத் தூக்கினார்.

"பாதைய எங்கிட்ட விட்டுருங்க மாமா. நான் பாத்துக்கிறேன்."

மைக் செட்காரரிடம் நான்கு வாக்கி டாக்கி வாங்கினார். ஜீப்புகளுக்கு எண் எழுதி ஒட்டினார். கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல்தளம்தான் கோபுரம். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியிருந்த என்னை நோட்டு எழுத உட்கார்த்தினார். எனக்குப் பத்து வயது. பாவாடை தாவணி கேட்டுக் கிடைக்காத ஆத்திரத்தில் இருந்தவள், அந்தப் பதவி கிடைத்ததும் எல்லாவற்றையும் மன்னித்தேன்.

காலையில் டிரைவர்களைப் பழக்குவதற்குள் அத்தானுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"ஜீப் மூணு, மேல வரலாம். திருப்பிச் சொல்லுங்க."

"சரி தம்பி, வந்துட்டே இருக்கேன்."

"சரின்னு சொல்லக் கூடாதுண்ணே. நான் சொன்னத அப்படியே சொல்லணும்."

"நீ என்ன சொன்ன?"

இரண்டாம் நம்பர் ஜீப்பை ஓட்டிய மலையாளத்துச் சேட்டன் ஒருவர்தான் முதல் தடவையிலேயே முத்து முத்தாகத் திருப்பிச் சொன்னார். அத்தானுக்கு அவரை மிகவும் பிடித்துப் போயிற்று. ஸ்டோரில் இருந்த பெரிய அண்டாக்களை எடுத்துவர அவரைத்தான் கீழே அனுப்பினார். ஸ்டோர் வழியில் ஏறியதும் 'ரோடு காலி' என்று சொல்ல வேண்டும், மறுபடி கூப்பிடும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் நோட்டில் எழுதினேன்.

அப்புறம் சேட்டனிடமிருந்து சத்தமே இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஜீப் வந்து சேர்ந்தது. முதல் வளைவில் நிற்கச் சொன்னார் அத்தான். பின்னால் இன்னும் நான்கு ஜீப்புகள் வந்து வால் பிடித்து நின்றன. ஸ்டோரும் பாதையின் நடுப்பகுதியும் கீழே நிற்பவர்களுக்கும் தெரியாது, தொட்டி மேல் இருந்த எங்களுக்கும் தெரியாது.

கால் மணி நேரம் போயிற்று. "நான் ஓடிப் போயி பாத்துட்டு வந்துருறேன்" என்றார் அப்பா.

"நீங்க பாத்தா போதாது மாமா. வண்டி சொல்லணும்."

கீழே நின்ற மாப்பிள்ளை வீட்டாருக்கு விமானமும் தெரியாது, ஓடுபாதையும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மறித்து நிற்பது பெண்ணின் முறைமாப்பிள்ளை. மாப்பிள்ளை வரும் வழியில் முறைமாப்பிள்ளை மறிப்பதும், அவனுக்கு ஏதாவது மரியாதை செய்து வழி வாங்குவதும் எங்கள் பக்கத்தில் உள்ள வேடிக்கைதான். அதனால் அவர்கள் கோபப்படவில்லை. ஏலச்செடிகளுக்குள் ஏறும் குறுக்குப் பாதையில் ஓர் ஆளைத் தட்டோடு அனுப்பினார்கள். தட்டில் வேட்டி சட்டை, வெற்றிலை, ஒரு சீப்பு பழம்.

"டியூட்டியில இருக்கும்போது எதுவும் வாங்கக் கூடாதுங்க" என்று அத்தான் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்.

வேட்டி போதவில்லை என்று கீழே முடிவு செய்தார்கள். அடுத்த தட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா கையிலிருந்து கழற்றிய கைக்கடிகாரம் வந்தது. அத்தான் அதை வாங்கிப் பார்த்தார். நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது என்றார். சரி செய்து அதே தட்டில் வைத்துக் கொடுத்தார்.

மூன்றாவது தடவை மாப்பிள்ளையின் தாய்மாமனே பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நாக்கு வெளியே தள்ள ஏறி வந்தார். தட்டில் இருந்தது மாப்பிள்ளை போட்டிருந்த மோதிரம். அத்தான் பதறிப் போய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த மனிதர் தட்டோடு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழே அழுகைச் சத்தம் கேட்டது. பொருளெல்லாம் வேண்டாமாம், பெண்தான் வேண்டுமாம் என்று செய்தி போயிருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா, ஜீப்பைத் திருப்புடா என்று கத்தினாராம். முன்னால் பாதை இல்லை, பின்னால் நான்கு ஜீப். திருப்ப இடம் இல்லாத ஒரே காரணத்தால்தான் எங்கள் அக்காவின் கல்யாணம் அந்த நிமிடத்தில் முறியாமல் தப்பியது. நடந்தாவது ஏறுவோம் என்று யாரோ சொன்னதற்கு, "நடந்து போயி பொண்ணு கட்டுற அளவுக்கு நாங்க ஒண்ணும் கெட்டுப் போகல" என்று அவர் சீட்டை விட்டு அசையவில்லை.

முகூர்த்தம் முடிய முக்கால் மணி நேரம்கூட இல்லை. அம்மா தலைவிரிகோலமாகத் தொட்டிக்குக் கீழே வந்து நின்றாள்.

"ஏலே, உனக்கு நான் என்னலே கெடுதல் செஞ்சேன்? இப்படியா பழி வாங்குவ?"

அத்தானுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப் போயிற்று. "ஐயோ அத்தை, ரோடு காலியாகல அத்தை, வேற ஒண்ணுமில்ல" என்று வாக்கியை என் கையில் திணித்துவிட்டு இறங்கி ஓடினார். அம்மாவைக் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் அழைத்துப் போனார். அக்கா அங்கேதான் அலங்காரம் முடித்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

அவர் அந்தப் பக்கம் போகவும் சேட்டன் குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க வரவும் சரியாக இருந்தது. கையில் செத்துப் போன வாக்கி.

"மோளே, சார்ஜ் தீர்ந்நு. ஞான் அவிடெ இருந்து கூவிக் கூவி மடுத்து" என்றார்; சார்ஜ் தீர்ந்துபோய், அங்கிருந்தே கத்திக் கத்திச் சலித்துவிட்டாராம். பிறகு முறை தவறாமல் நிமிர்ந்து நின்றார். "ஜீப் ரெண்டு, ஸ்டோறில் கேறி. ரோடு காலி."

"ஜீப் ரெண்டு, ஸ்டோர்ல ஏறியாச்சு. ரோடு காலி" என்று நானும் திருப்பிச் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு கர்வமாக நான் எதையும் சொன்னதில்லை. மணி பார்த்து எழுதினேன்: ஒன்பது பதினாறு. சேட்டன் டீ குடிக்கப் போய்விட்டார்.

அத்தான் திரும்பி வந்து மேலே ஏறினார். நோட்டை நீட்டினேன். படித்தார். "நல்லா எழுதிருக்க" என்றார். வாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆனால் அனுமதி கொடுக்கவில்லை. கீழேயிருந்து, "தம்பி, போலாமா?" என்று ஜீப் டிரைவர் கேட்டார். "நில்லுங்க" என்றார் அத்தான். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாதையைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மறுபடி டிரைவர் கேட்டார். மறுபடி நில்லுங்கள். மூன்றாவது தடவை மாப்பிள்ளையே வாக்கியை வாங்கியிருக்க வேண்டும்.

"அண்ணே, நான்தான் பேசுறேன். நேரமாகுதுண்ணே. மேல வரட்டுமா?"

குரல் மிகவும் பணிவாக இருந்தது. அத்தான் பாதைப் பக்கம் திரும்பி, வாக்கியை வாயருகே கொண்டுபோனார். பிறகு, எல்லாரிடமும் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"மாப்பிள்ளை ஜீப், ரோடு காலி. மேல வரலாம்."

மாப்பிள்ளை அதை ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். கொட்டுமேளம் தொடங்கிற்று. அப்பா கோயில் வாசலில் நின்று வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் கும்பிட்டார். எல்லாரும் ஜீப்பை நோக்கி ஓடினார்கள். தாலி கட்டும்போது முகூர்த்தத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது.

நான் மட்டும் உடனே ஓடவில்லை. நோட்டு அரைகுறையாக இருந்தது. ஒன்பது பதினாறுக்குப் பாதை காலி. ஒன்பது இருபத்தேழுக்கு அனுமதி. நடுவில் பதினோரு நிமிடம் வெறுமையாகக் கிடந்தது. நான் எழுதியதில் குறை இருக்கக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம்.

"அத்தான், இந்த எடத்துல என்ன எழுத?"

அவர் வாக்கிகளின் கம்பிகளை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார். விமானம் இறங்குமுன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்கள், சரியாக இல்லாவிட்டால் வானத்திலேயே காக்கவைப்பார்கள் என்றார்.

"காத்து சரியில்லன்னு எழுது."

ஏலச்செடியில் ஓர் இலைகூட அசையாத காலை அது. ஜீப்புக்குக் காற்று எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தீவில் இப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, என் அழகான கையெழுத்தில் அப்படியே எழுதி, கீழே கோடு போட்டு, தாலி கட்டுவதைப் பார்க்க ஓடினேன்.