உறைவதும் ஒழுகுவதும்

மூன்றாவது கீமோ (புற்றுநோய்க்கு ஊசி வழியே ஏற்றும் மருந்து) முடிந்த வாரம் என் இடது கால் வீங்கியது. எங்கள் ஊரான பீடோரில், பள்ளிக் கேண்டீனில் பதினேழு வருடம் நின்றே சமைத்தவள் நான். வழக்கமான வீக்கம்தான் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தொடையில் ரத்தக்கட்டி. நோய் மார்பில், காலுக்கு என்ன வந்தது?

"கேன்சர் இருந்தா ரத்தம் சீக்கிரம் உறையும், அக்கா," என்றார் டாக்டர். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியைக் காலையும் மாலையும் வயிற்றில் போட்டுக்கொள்ள மிஸி (செவிலியர்) சொல்லிக்கொடுத்தார்.

பத்தாம் நாள் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. வெகுநேரம் நிற்கவில்லை. உறைகிறது என்றுதானே ஊசி? இப்போது உறையவே மாட்டேன் என்கிறதே! யாரையும் கேட்காமல் ஊசியை நிறுத்தினேன்.

கொய்யாத் தோட்ட வேலை முடிந்து வந்ததும் என் கணவர் கேட்பார்:

"ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சுலா."

ஊசியை நிறுத்திய நான்காம் நாள் துணி காயப்போடும்போது மூச்சு முட்டியது. மறுபடி ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள்; கட்டியின் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது.

"ஒரு வேளைகூட விடல, டாக்டர்," என்று கணவர் உறுதியாகச் சொன்னார்.

"அப்போ இந்த ஊசி கேக்கல. டோஸைக் கூட்டணும்."

ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினேன். "நான்தான் போடல."

கணவர் என்னையே பார்த்தார். "ஏன் லெட்சுமி, எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"பயமா இருந்துச்சு. உறையறதுக்கும், ஒழுகுறதுக்கும்."

அதன்பின் அவரே ஊசி போட்டார். அடுத்த கீமோவுக்குப் பிறகு பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) மிகவும் இறங்கிவிட்டது. "ஊசிய நிறுத்துங்க," என்றார் அதே டாக்டர்.

"நான் நிறுத்துனா தப்பு, நீங்க நிறுத்துனா சரியா?"

அவர் கோபிக்கவில்லை. "நாங்க டெஸ்ட் பாத்து நிறுத்துறோம், அக்கா. வியாழக்கிழமை திரும்ப ஆரம்பிக்கச் சொன்னாலும் சொல்வேன்."

வியாழக்கிழமை அப்படியே சொன்னார், பாதி அளவில் போடும்படி. உங்களில் யாராவது இதே ஊசியோடு இருந்தால், குழப்பத்தை மறைக்காமல் டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் குழப்பம் தீரும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

எனக்கு இப்போது ஒரு வாரம் என்பது ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்தது வரைதான். நேற்று வெங்காயம் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டது. அழுத்திப் பிடித்தேன். சீக்கிரமே ரத்தம் நின்றுவிட்டது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.